எண்ணெய் ஒழுகும் எஞ்சினும் அதன் பரிகாரமும்

காலையில் கொட்டகையிலிருந்து காரை வெளியே எடுத்தபின், அது நின்றிருந்த சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கறை படிந்திருப்பதைக் கண்டதும், கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் செய்கிற காரியம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். பழைய வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, கறையின்மேல் ஒரு கை மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுப் போவார்கள்; அல்லது பதறிப்போய் அன்றைக்கே வண்டியைப் பட்டறையில் கொண்டு நிறுத்தி, ‘எல்லாப் பேக்கிங்கையும் மாற்றிவிடுங்கள்’ என்று சொல்லிவிட்டு வருவார்கள். முன்னவர் எஞ்சினை இழக்கக்கூடும். பின்னவர் பணத்தை இழப்பது நிச்சயம், ஒழுக்கு நிற்பதோ சந்தேகம்.

ஏனெனில் ஒழுகும் எண்ணெய்க்கு ஒரு சுபாவம் உண்டு: பிறந்த இடத்தில் அது நிற்பதில்லை. ரேடியேட்டருக்குப் பின்னால் சுழலும் விசிறியின் காற்றும், ஓட்டத்தில் எதிரே வந்து மோதுகிற காற்றும் அதைப் பின்பக்கம் தள்ள, தன் பாரத்தினால் அது கீழ்நோக்கி வழிய, எஞ்சினின் உச்சியில் கசிகிற எண்ணெயும்கூட இடுக்குகளில் நுழைந்து, தூசியோடு குழைந்து, கடைசியில் எஞ்சினின் பின் அடியிலிருந்துதான் சொட்டுகிறது. சொட்டுகிற இடத்தைப் பார்த்து ஸ்பேனரை எடுக்கிறவர், கூரைமேல் ஏறிப் பாராமல், தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓடு மாற்றுகிறவரைப் போன்றவர்.

இந்த அத்தியாயத்துக்கு உதாரணமாக அம்பாசிடரை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டை மாதிரியாகக் கொண்டு, வங்காளத்தில் உத்தர்பாராவிலுள்ள தொழிற்சாலையில் 2014 வரை அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்யப்பட்டுவந்த அந்த வண்டியின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. எண்ணெய் வெளியேறக்கூடிய வாசல்கள் அத்தனையும் அதில் கண்ணுக்குத் தெரியும்படி, கைக்கு எட்டும்படி இருப்பதால், கற்றுக்கொள்கிறவனுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பிற்காலத்துக் கார்களில் வாசல்களின் பெயரும் இடமும் மாறலாம். தேடுகிற முறை மாறாது.

முதலில் நஷ்டத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 20 துளி எண்ணெய் ஒரு மில்லி லிட்டர் ஆகிறது. ராத்திரி முழுவதும் 10 துளி சொட்டினால் அரை மில்லி லிட்டர். மாதம் முழுவதும் சேர்த்தாலும் 15 மில்லி லிட்டர், அதாவது குழந்தைக்கு மருந்து கொடுக்கிற கரண்டியில் மூன்று கரண்டி. தரையில் பரவிய கறையைப் பார்த்தவருக்கு இதை நம்பக் கஷ்டமாக இருக்கும். எண்ணெய் அப்படித்தான், கொஞ்சமாக இருந்துகொண்டு நிறையப் போலத் தோற்றம் காட்டும். ஆனால் உஷ்ணத்தினால் இளகியிருக்கும் அதே எண்ணெய், வண்டி ஓடும்போது 20 மீட்டருக்கு ஒரு துளி வீதம் விழுமானால், கிலோமீட்டருக்கு 50 துளி ஆகி, 400 கிலோமீட்டரில் ஒரு லிட்டர் போய்விடும். சாலையில் போவது என்பதால் அந்தக் கறை யார் கண்ணிலும் படாது. ஆகையால் தரையை நம்பாமல் கேஜ் கம்பியை நம்புங்கள். சமதரையில், காலையில், எஞ்சினைக் கிளப்புவதற்கு முன், கம்பியை உருவித் துடைத்து மறுபடி செருகி எடுத்து, மட்டத்தையும் மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தால், பத்து நாளில் நோயின் கடுமை தெரிந்துவிடும். கறை இல்லாமல் மட்டம் மட்டும் இறங்கிக்கொண்டே போய், பின்னால் நீலப் புகையும் வருமானால், எண்ணெய் ஒழுகவில்லை, உள்ளே எரிகிறது என்று அர்த்தம். அந்த வியாதி வேறு. ஓட்டத்தில் ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தாலோ, இவ்வளவு ஆராய்ச்சிக்கும் இடமில்லை. அந்த க்ஷணமே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

ஒழுகுவது எஞ்சின் எண்ணெய்தானா என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைத் தாளில் ஒரு துளியை வாங்கிப் பார்த்தால், எஞ்சின் எண்ணெய் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருந்து, விரலிடையில் வழுக்கும். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஊற்றுகிற திராவகம் மெல்லியது. பெயிண்டின்மேல் பட்டால் அதை அரித்துவிடும். அதுவாக இருந்தால் வண்டியை நகர்த்தாமல் முதலில் பிரேக்கைக் கவனியுங்கள். கியர் எண்ணெயில் தடித்த ரகத்தை ஊற்றியிருந்தால் கந்தக நெடி அடிக்கும். ரேடியேட்டர் தண்ணீரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இனி, துளி விழும் இடத்தைக் குறிப்பதற்கு நான் கையாளுகிற உபாயம் ஒன்று. பழைய செய்தித்தாளை விரிப்பதுதான் வழக்கம். செய்தித்தாளில் எண்ணெய் பரவி ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. அதைவிட, தேதிகள் பெரிய கட்டங்களாக அச்சிட்ட மாதக் காலண்டர் தாள் மிகவும் உத்தமம். கெட்டித் தாளாகையால் உறிஞ்சாது; கட்டங்கள் இருப்பதால் அதுவே படமாகவும் ஆகிவிடுகிறது. எஞ்சினுக்கு நேர் கீழே இரண்டு தாளைச் சேர்த்து விரித்து, முன் சக்கரங்கள் நின்ற இடத்தைச் சுண்ணக்கட்டியால் தரையில் குறித்துவிட்டால், மூன்று இரவு தொடர்ந்து அதே இடத்தில் வண்டியை நிறுத்திப் பார்க்கலாம். என் வண்டியில் மூன்று நாளும் 24-ஆம் தேதியின்மேலேயே துளி விழுந்தது. அந்தக் கட்டத்துக்கு நேர் மேலே கிளட்ச் உறை இருந்தது.

இதைப் பார்த்தவுடனே நான் போன பட்டறையின் மெக்கானிக், வண்டிக்கு அடியில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, பனியன் வேஸ்டில் கையைத் துடைத்துக்கொண்டே, “பின் பேரிங்ல ஒழுகுது சார். கியர் பாக்ஸை இறக்கணும், வேற வழியில்லை” என்றார். அவர் சொன்னது அசம்பாவிதமல்ல. அந்த எஞ்சினில் பின்பக்கம் ஒழுகுவது பிரசித்தம். இருந்தாலும் இரண்டு நாள் வேலையும் அதற்கான கூலியும் என்றபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை என்று தோன்றிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை செய்ததைத்தான் வாசகர்களும் செய்ய வேண்டும். எஞ்சின் முற்றிலும் ஆறியபின், பாட்டரியின் ஒரு கம்பியைக் கழற்றி, டிஸ்ட்ரிபியூட்டர், காயில், டைனமோ ஆகியவற்றைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்டிவிட்டு, பெயிண்ட் பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்து, எஞ்சினை மேலிருந்து கீழாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். வருஷக்கணக்கில் படிந்த அழுக்கு களிம்பு போல உரிந்து வரும். சில இடங்களில் கரண்டியால் சுரண்ட வேண்டியிருக்கும். பேக்கிங் பொருந்துகிற கோடு ஒவ்வொன்றும் வெறும் உலோகமாகத் தெரிகிற வரைக்கும் விடக் கூடாது. பிறகு பழந்துணியால் துடைத்து, மண்ணெண்ணெய் நெடி அடங்கும்வரை காற்றாட விட்ட பின்பே பாட்டரியை இணைக்கலாம். ஈரத்தோடு கிளப்பினால் நெருப்புக்கு வரவேற்பு கூறுவதாகும். காய்ந்தபின், சந்தேகத்துக்குரிய கோடுகளின்மேலெல்லாம் முகத்துக்குப் பூசுகிற வெள்ளைப் பவுடரை மெல்லிய துணியில் முடிந்து தட்ட வேண்டும். எங்கள் வீட்டுப் பவுடரில் பாதி டப்பா இதற்கே போயிற்று; எஞ்சின் சூடேறியதும் தெரு முழுதும் கல்யாண வீட்டு வாசனை அடித்தது. நின்ற நிலையில் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து, ஒன்றும் தெரியாவிட்டால் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவந்து, டார்ச் விளக்கோடு, மேலிருந்து கீழாக, முன்னிருந்து பின்னாக ஆராய வேண்டும். வெள்ளைப் பவுடரில் எண்ணெய் பட்ட இடம் ஈரமண் போலக் கறுத்துவிடும். நனைந்த இடங்களில் எல்லாவற்றுக்கும் உயரமானது எதுவோ அதுவே ஊற்றுக்கண். இக்காலத்துப் பட்டறைகளில், எண்ணெயோடு ஒளிரும் சாயத்தைக் கலந்து ஓட்டிவிட்டு, புற ஊதா விளக்கை அடித்துப் பார்க்கிறார்கள்; தத்துவம் ஒன்றேதான், கழுவிய பிறகு செய்தால்தான் அதற்கும் பிரயோஜனம்.

என் எஞ்சினில் பவுடர் கறுத்திருந்தது கீழே அல்ல. உச்சியில், ராக்கர் கவரின் பின் மூலையில். அங்கிருந்து சிலிண்டர் தலையின் பின்முதுகு வழியாக, நூல் பிடித்தது போல் ஒரு கோடு இறங்கி, எஞ்சினின் பின் தகட்டைத் தொட்டு, கிளட்ச் உறையைச் சுற்றிவந்து, 24-ஆம் தேதிக்கு நேர் மேலே முடிந்தது. ராக்கர் கவரைக் கழற்றினேன். உள்ளே இருந்த கார்க் பேக்கிங், பின் மூலையில் பிதுங்கி, அப்பளம்போல் நொறுங்கியிருந்தது. முன்னொரு சமயம் யாரோ ஒழுக்கை நிறுத்துகிற ஆவேசத்தில் இரண்டு நட்டுகளையும் பலங்கொண்ட மட்டும் முறுக்கியிருக்கிறார்கள். புதுப் பேக்கிங்கின் விலை, கியர் பாக்ஸ் இறக்குகிற கூலியோடு ஒப்பிட்டால் பேச்சுக்குரியதல்ல.

ஒழுகும் இடம் தெரிந்தவுடனே பேக்கிங்கை மாற்றிவிடலாமா என்றால், அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது பிரீதர். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எஞ்சினின் அடிப்பாகத்துக்குள் எப்போதும் இறங்கிக்கொண்டே இருக்கும். அது வெளியேறுவதற்காக ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அந்தக் குழாய் புகைக் கசடினால் அடைபட்டுப்போனால், உள்ளே அழுத்தம் ஏறி, எங்கெங்கே பலவீனமான பேக்கிங் இருக்கிறதோ அங்கெல்லாம் எண்ணெயைப் பிதுக்கித் தள்ளும். ஒரே சமயத்தில் நாலைந்து இடங்களில் கசிவு காணுமானால், நாலைந்து பேக்கிங்கும் ஒரே வாரத்தில் கெட்டுப்போயின என்று நம்புவதைவிட, பிரீதர் அடைத்துக்கொண்டது என்று நம்புவதே விவேகம். குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஊதிப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தும், எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் ‘புஸ் புஸ்’ என்று புகை தள்ளுமானால், வளையங்களோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட எஞ்சினில் எத்தனை சீல் மாற்றினாலும் ஆறு மாதத்தில் மறுபடி ஒழுகும். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றுவதும் ஒழுக்குக்கு ஒரு காரணம். ‘கூட அரை லிட்டர் இருக்கட்டுமே’ என்கிற தாராளம் இங்கே உதவாது.

இனி வாசல்கள் ஒவ்வொன்றாக. டிரெயின் நட்டில் கசிந்தால் அதன் வாஷரை மாற்றினால் போதும். மரை தேய்ந்த நட்டை முறுக்கி முறுக்கி, எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியாகிய சம்ப்பின் மரையையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆயில் பிரஷர் ஸ்விட்சின் உடம்பே விரிசல் கண்டு கசிவதுண்டு. அதைப் புதிதாக மாற்றுவதன்றி வேறு வைத்தியமில்லை.

ஆயில் பில்டரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய அம்பாசிடரில் பில்டர் ஒரு கிண்ணத்துக்குள் அடங்கி, நடுவில் ஒற்றை போல்ட்டால் எஞ்சினோடு இறுக்கப்பட்டிருக்கும். கிண்ணத்தின் வாய் உட்காருகிற காடியில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. உஷ்ணத்தில் அது காடியோடு ஒட்டிக் கறுத்துப்போய், காடியின் அடியே அதுதான் என்பது போலத் தோற்றம் கொடுக்கும். அதைக் காணாமல் அதன்மேலேயே புது வளையத்தை வைத்துவிட்டால், எஞ்சினைக் கிளப்பிய சில நிமிஷங்களில் எண்ணெய் முழுவதும் தரைக்கு வந்துவிடும். கோணி ஊசியால் காடியைச் சுற்றி நெருடிப் பார்த்து, பழைய வளையம் முழுதாகக் கையில் வந்த பிறகே புதியதை வைக்க வேண்டும். திருகி மாட்டுகிற தகர பில்டர் உள்ள கார்களிலும் இதே பிழை நேர்கிறது. கழற்றிய பில்டரோடு அதன் வளையமும் வந்ததா என்று பார்ப்பதற்கு அரை நிமிஷம் போதும்.

ராக்கர் கவருக்கும், எஞ்சினின் பக்கவாட்டிலுள்ள இரண்டு டேப்பட் கவர்களுக்கும் கார்க் பேக்கிங். கடையில் வெகுநாள் கிடந்த கார்க் காய்ந்து சுருங்கியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் ஊறவைத்தால் பழைய அளவுக்கு வந்து பொருந்தும். ஈரத்தைத் துடைத்துவிட்டு, மூடியின் பக்கம் மட்டும் லேசாகப் பசை தடவி ஒட்டி, எஞ்சினின் பக்கம் வெறுமையாக விட்டால், அடுத்த தடவை கழற்றும்போது பேக்கிங் கிழியாது. இறுக்குகிற விஷயத்தில், குட்டை ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்துத் திருப்புகிற பலத்துக்கு மேல் வேண்டாம். கார்க் அமுங்க வேண்டும், பிதுங்கக் கூடாது. டேப்பட் கவர்கள் சைலன்சர் மேனிபோல்டுக்குக் கீழே இருப்பதால் கை நுழைவது கஷ்டம். இருந்தாலும், வண்டிக்குள் எண்ணெய் கருகும் வாசனை வருமானால், ராக்கர் கவரோடு இவற்றையும் சந்தேகிக்க வேண்டும். கொதிக்கும் மேனிபோல்டின்மேல் எண்ணெய் படுவது நாற்றத்தோடு நிற்கிற சங்கதியல்ல. அதில் தீ பற்றும்.

சம்ப் பேக்கிங்கை மாற்றுவதற்கு வண்டியைத் தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் அடியில் புகக் கூடாது. ஸ்டாண்டு கொடுத்து, வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்த பின்பே படுக்க வேண்டும். கழற்றிய சம்ப்பின் விளிம்பில், முன்பு அதிகமாக இறுக்கியதனால் போல்ட் துவாரங்களைச் சுற்றி உலோகம் மேடு தட்டியிருக்கும். தட்டையான மரக்கட்டையின்மேல் விளிம்பை வைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமன் செய்யாவிட்டால், எந்தப் பேக்கிங்கும் அங்கே உட்காராது. முன் பேரிங்கின் கீழும் பின் பேரிங்கின் கீழும் வருகிற கார்க் துண்டுகள் இரு முனையிலும் சற்றே துருத்தி நிற்கும். மிச்சமென்று நினைத்து அவற்றைக் கத்தரித்துவிடாதீர்கள்; சம்ப்பை இறுக்கும்போது அந்த மிச்சம்தான் மூலைகளை அடைக்கிறது. போல்ட்டுகளை ஒரே பக்கமாக இறுக்கிக்கொண்டு போகாமல் எதிரெதிராக, கொஞ்சங்கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

இந்த இடத்தில் சிலிக்கான் பசையைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது நல்ல பொருள். தக்க இடத்தில், மெல்லிய கோடாக இட்டால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பேக்கிங்குக்குப் பதிலாகவும் பேக்கிங்கின்மேலும், தோசைக்கு எண்ணெய் விடுவதுபோல் அதைப் பிழிகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வெளியே பிதுங்குகிற அளவுக்கு உள்ளேயும் பிதுங்குகிறது. உள்ளே பிதுங்கியது ஒரு நாள் அறுந்து விழுந்து, எண்ணெய் உறிஞ்சும் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். ஒழுகுகிற எஞ்சின் பல வருஷம் ஓடும். சல்லடை அடைபட்ட எஞ்சின் ஒரு பயணத்தைத் தாங்காது.

முன்பக்கம் டைமிங் கவரில் உள்ள ஆயில் சீல், கிராங்க் புல்லியின் கழுத்தைத் தழுவிக்கொண்டிருக்கிறது. புல்லி சுழலச் சுழல எண்ணெயை வட்டமாக வீசுவதால், முன்பக்கம் முழுதும் வட்டத் தெறிப்பாக நனைந்திருப்பதே அடையாளம். புது சீல் வாங்குவதற்கு முன் புல்லியின் கழுத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்குகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், புது சீலும் அந்தப் பள்ளத்தின் வழியே ஒழுகத்தான் செய்யும். புல்லியை மாற்றவோ, கழுத்துக்கு மெல்லிய உறை போடவோ வேண்டும். கவரைத் திரும்ப மாட்டும்போது, ஸ்குருக்களைத் தளர்வாக விட்டு, புல்லியைச் செருகி, சீல் நடுவில் அமர்ந்தபின் இறுக்குவது முறை.

கடைசியாகப் பின்பக்கம். பிற்காலத்து எஞ்சின்களில் கிராங்க் ஷாப்டின் பின் முனையை ரப்பர் சீல் ஒன்று தழுவிக்கொண்டிருக்கும். அம்பாசிடரின் பழைய 1489 சி.சி. எஞ்சினில் அப்படி ஒன்று கிடையாது. பின் பேரிங்கைத் தாண்டியவுடன் ஷாப்டின்மேல் திருகின் மரைபோல ஒரு சுருள் வெட்டப்பட்டு, அதைச் சூழ்ந்துள்ள உலோகத்தைத் தொடாமல், மயிரிழை இடைவெளி விட்டுச் சுழல்கிறது. வெளியேற முயலும் எண்ணெயை, சுழற்சியினால் அந்த மரை உள்ளே திருப்பித் தள்ளிவிடுகிறது. சுழலும்வரைதான் அதற்கு இந்தச் சக்தி. நின்றுவிட்டால் அது வெறும் இடைவெளி. ஆதலால், எஞ்சினை நிறுத்தியபின் சில துளிகள் சொட்டுவதும், மூக்கு மேலே பார்க்கும்படி ஏற்றத்தில் நிறுத்தினால் கூடுதலாகச் சொட்டுவதும் அந்த அமைப்புக்கே இயல்பு. அதை நோயென்று வைத்தியம் செய்யக் கூடாது. ஆனால் பேரிங் தேய்ந்து, ஷாப்ட் தொய்ந்து, இடைவெளி அகன்றுவிட்டால் ஒழுக்கு ஓட்டத்திலும் பெருகி, கிளட்ச் பிளேட்டை நனைத்து, ஏற்றத்தில் எஞ்சின் இரைந்தும் வண்டி நகராமற்போகும். அப்போது கியர் பாக்ஸை இறக்குவதைத் தவிர்க்க முடியாது. இறக்கினால், கிளட்ச் பிளேட், எஞ்சினின் பின் தகட்டுப் பேக்கிங், சம்ப்பின் பின் கார்க், கியர் பாக்ஸின் முன் வாய் ஆகிய எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அதே கூலியை இன்னொரு தடவை கொடுக்க நேரும்.

அதுவரையில், கறை படாமலிருக்கத் தரையில் மணல் பரப்பிய தகரத் தட்டு ஒன்று போதும். வடித்தெடுத்த பழைய எண்ணெயையும் அந்த மணலையும் சாக்கடையிலோ கிணற்றங்கரையிலோ கொட்டாமல், பழைய எண்ணெய் எடுப்பவரிடம் சேர்ப்பியுங்கள். இன்னும் ஒன்று: கிளட்ச் உறையின் அடியில் சிறிய துவாரத்தில் ஒரு கட்டர் பின் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள். யாரோ மறந்து விட்டுப்போனது என்று எண்ணி அதைப் பிடுங்கிவிடுகிற புது மெக்கானிக்குகள் உண்டு. வண்டியின் ஆட்டத்தில் அது ஆடி ஆடித்தான் அந்தத் துவாரம் சேற்றால் தூர்ந்துபோகாமல் இருக்கிறது. அது தூர்ந்தால், வெளியே சொட்ட வேண்டிய எண்ணெய் உள்ளேயே தேங்கிக் கிளட்சை நனைக்கும். தொலைந்திருந்தால் புதிதாக ஒன்றைச் செருகி, முனைகளைத் தளர்வாக மடக்கி விடுங்கள்.